வெள்ளை விளக்கம், சிவப்பு விளக்கம்

இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர் செத்துப்போகக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கும் எங்கள் தொழிற்சங்கத்துக்கும் ஒருபோதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. சாகாமல் இருப்பது எப்படி என்பதில்தான் இரு தரப்பும் ஒருவரையொருவர் மிஞ்சி உழைத்தோம். அந்த உழைப்பைப் பொதுமக்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ரொட்டி ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் குவாரி சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் கல் வெட்டிய பள்ளம், மறு பக்கம் கல் ஏற்றிய லாரி. நடுவில் கிடைக்கிற இடம் சைக்கிளுக்கு. பஸ் விடச் சொல்லிக் கேட்டபோது, மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று முதலாளி காரின் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏற்றிக்கொண்டார்.

மாவு பிசையும் பிரிவில் வேலை செய்கிறவளை எல்லோரும் மாவு அக்கா என்பார்கள். அவள் தம்பியும் அங்கேதான், அடுப்புப் பிரிவில் இருந்தான். ஒரு ராத்திரி லாரி பின்னாலிருந்து தட்டியதில் இடுப்பு போயிற்று; இப்போது வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். "கண்ணுக்குத் தெரியலைங்க" என்றான் லாரிக்காரன். பொய்யில்லை. சைக்கிளின் பின்னால் ஒன்றும் இல்லை.

மாவு அக்கா சங்கத்துக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம் தோழர். பின்னாடி வர்றவன் கண்ணுக்கு நான் தெரியணும்."

கடைகளில் விளக்குகளுக்குப் பஞ்சமில்லை. சில நாலு நாளில் கண்ணை மூடும். சில எதிரே வருகிறவன் கண்ணை மூடவைக்கும். எனவே நல்ல விளக்கைத் தேர்ந்தெடுத்து இரவுத் தொழிலாளர்களுக்கு வழங்கும்படி இரவுப் பயணப் பாதுகாப்புத் துறைக்கு மனு கொடுத்தோம். துறை உடனே வல்லுநர் குழு அமைத்தது. குழுவில் இருந்த ஒருவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகையால் அவர்களுடைய நடுநிலையில் யாரும் குறை காண முடியவில்லை. பட்டப்பகலில், திரைகளை இழுத்துவிட்ட அறையில், அவர்கள் இருட்டை ஆராய்ந்தார்கள். முன்னால் பாதையைப் பார்த்துச் சாய்ந்த வெள்ளை விளக்கு, பின்னால் இருக்கை உயரத்தில் நின்று எரியும் சிவப்பு விளக்கு என்று அறிக்கை வந்தது. அறிக்கை சரியாகவே இருந்தது. குழுவினர் அதைப் படித்திருந்தால் இவ்வளவு சரியாக இருக்க விட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு ஆணை வந்தது. "இரவில் செல்லும் ஒவ்வொரு மிதிவண்டியிலும் முன்புறம் வெள்ளை விளக்கம் பின்புறம் சிவப்பு விளக்கம் தவறாது பொருத்தப்பட வேண்டும்."

'விளக்கும்' என்று இருக்க வேண்டிய இடம். கு-வின் வால் இரண்டு இடத்திலும் விழுந்துவிட்டது.

சங்கச் செயலாளரும் மாவு அக்காவும் நானும் துணை இயக்குநரைப் பார்க்கப் போனோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எல்லாக் குழல் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"சார், இதுல ஒரு வால் விட்டுப்போச்சு" என்றார் செயலாளர்.

துணை இயக்குநர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார். "விட்டுப்போகலை. அரசிதழ்ல வந்தாச்சு."

"விளக்கும்னு இருக்கணும் சார். விளக்கம்னு இருக்கு."

"இருக்கிறதை விட்டுட்டு, இருக்கணும்ங்கிறதை நான் எப்படிய்யா அமல்படுத்துறது?"

"ஒரு சின்னத் திருத்தம் போட்டா முடிஞ்சுபோச்சே."

"திருத்தம் போட்டா தப்புன்னு ஆகும். தப்புன்னா யார் பண்ணதுன்னு கேப்பாங்க. பண்ணவர் இப்போ எனக்கு மேலதிகாரி. நான் போய் அவர்கிட்ட விளக்கம் கேக்கவா?"

மூலையில் இருந்த எழுத்தர் எழுந்து நின்றார். "ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டா, அவர் ஒருத்தர்கிட்ட கேக்காதது வெளியே தெரியாது சார்."

துணை இயக்குநர் அவரை மகனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சார்," என்றாள் மாவு அக்கா, "சைக்கிள்ல விளக்கத்தை எப்படி சார் மாட்டுறது?"

"அதான் தெளிவாப் போட்டிருக்கேம்மா. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு." பிறகு குரல் இறங்கியது. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. விளக்கு எதுக்கு? இருட்டைப் போக்க. விளக்கம் எதுக்கு? அதுவும் இருட்டைப் போக்கத்தான். அரசாங்கம் உங்களுக்குக் குறைச்சலா எதுவும் செய்துடலை."

எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். பின்னால் வெளிவந்த வழிகாட்டு நெறிமுறைகளின் முன்னுரை அதுதான்.

நெறிமுறைகள் எதையும் விட்டுவைக்கவில்லை. இந்த நேரத்தில் ஏன் வெளியே வந்தோம் என்று எதிரே வருகிறவருக்குச் சொல்வது வெள்ளை விளக்கம். இன்னும் ஏன் வழியில் இருக்கிறோம் என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வது சிவப்பு விளக்கம். இரண்டும் மழையில் அழியக் கூடாது. மங்கிய விளக்கத்துக்கு அபராதம். விட்டு விட்டு மாறும் விளக்கம் அறவே கூடாது. நிமிடத்துக்கு ஒரு விளக்கம் தரும் உரிமை உயர் பதவியில் இருப்போருக்கு மட்டுமே உண்டு.

சைக்கிள் கடைக்காரர் மறுநாளே விளக்குகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, விளக்கம் எழுதிய தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். மாவு அக்கா போய் நின்றாள்.

"எந்த மாதிரி வேணும்க்கா? குடும்பச் சூழ்நிலை இருக்கு, மருத்துவக் காரணம் இருக்கு, தவிர்க்க முடியாத காரணம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் நல்லா ஓடுது."

"வேலைக்குப் போறேண்ணே."

"அது சாதாரண ரகம். வெளிச்சம் பத்தாது."

"எனக்கு வெளிச்சம்தான் வேணும். கீழே என்ன வச்சிருக்கீங்க?"

கடைக்காரர் வாசலைப் பார்த்துவிட்டுக் குனிந்து, ஒரு சிவப்பு விளக்கை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். திருட்டு நகை விற்கிறவர்கூட இத்தனை பயப்பட மாட்டார். 'வேலைக்குப் போகிறேன்' தகடுகளையும் வாங்கி முன்னும் பின்னும் மாட்டி, பின்தகட்டுக்கு மேலே விளக்கைப் பொருத்திக்கொண்டு அவள் ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

சோதனைச் சாவடியில் காவலர் கையைக் காட்டினார்.

"இது என்ன?"

"விளக்கு சார்."

"விளக்கம் எங்கே?"

"அதுக்குக் கீழே இருக்கு சார்."

"கண்ணு கூசுது. எழுத்தே தெரியலை. அணை."

"அணைச்சா இருட்டுல எப்படி சார் படிப்பீங்க?"

"அரசாங்கம் டார்ச் எதுக்குக் குடுத்திருக்கு?"

டார்ச்சை அடித்துப் படித்தார். "'வேலைக்குப் போகிறேன்.' அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"வேலைக்குப் போறேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. ரொம்ப மங்கலா இருக்கே."

மங்கிய விளக்கத்துக்கு அபராதம் எழுதினார். விளக்கத்தை மறைக்கும் வெளிச்சம் என்று விளக்கைப் பறிமுதல் செய்தார். அன்றிலிருந்து அந்தச் சாவடியில் அந்த விளக்கு எரிகிறது. காவலர் அதன் கீழே உட்கார்ந்துதான் அபராதச் சீட்டு எழுதுகிறார்.

இதற்குள் ஊரின் மேல்தட்டுக்கு விளக்கம் பிடித்துப்போய்விட்டது. ஞாயிறு காலைகளில் உடம்போடு ஒட்டிய உடை போட்டு சைக்கிள் ஓட்டுகிறவர்கள், விளக்கம் மாட்டுவதற்காகவே இரவில் ஓட்ட ஆரம்பித்தார்கள். கையால் செய்த காகிதத்தில், மூங்கில் சட்டத்தில், 'என் மூச்சைத் தேடிப் போகிறேன்' என்றும் 'போவதே போய்ச் சேர்வது' என்றும் விளக்கங்கள் உலா வந்தன. சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "இந்த வாரம் உங்க விளக்கம் என்ன?" என்றார்கள். அவர்களில் மிகவும் முற்றிப்போன ஒருவர் ஒன்றுமே எழுதாத வெறும் வெள்ளைத் தகட்டை மாட்டிக்கொண்டு போனார். காவலர் அதைப் பார்த்து சல்யூட் அடித்தார். அதைக் கேள்விப்பட்டு எங்கள் ஆலைத் தொழிலாளி ஒருவரும் வெறும் தகட்டை மாட்டிக்கொண்டு போனார். அவரை விடியும்வரை சாவடியில் உட்கார வைத்தார்கள்.

சங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஆணையைக் கொளுத்தியிருக்க வேண்டும். துணைக்குழு அமைத்தோம்.

பல கூட்டங்களுக்குப் பிறகு துணைக்குழு எங்கள் கோரிக்கையைக் கூர்மைப்படுத்தியது: "வேண்டும் வேண்டும், இலவச விளக்கம் வேண்டும்!" ஆனால் அந்த விளக்கம் சுருக்கமாக இருக்க வேண்டுமா, விரிவாக இருக்க வேண்டுமா என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. சுருக்கம் என்பது சரணாகதி என்று விரிவுக்காரர்கள் சொன்னார்கள். விரிவு என்பது மேட்டிமை என்று சுருக்கக்காரர்கள் சொன்னார்கள். நாற்காலிகள் பறந்தன. கடைசியில், உறுப்பினர்களுக்குச் சங்கமே விளக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்று துறை அனுமதித்தது. அதை வெற்றி என்று அறிவித்து, கைதட்டிக் கலைந்தோம்.

முதல் விளக்கம் மாவு அக்காவுக்கு. செயலாளரே பேனாவை எடுத்தார்.

"இதெல்லாம் வேணாம் தோழர்," என்றாள் அவள். "சாவடியில இருக்கிற என் விளக்கைத் திருப்பி வாங்கிக் குடுங்க, போதும்."

"விளக்கு தனிமனிதத் தீர்வு அக்கா. விளக்கம்தான் கூட்டுத் தீர்வு."

"லாரி வர்றப்போ நான் தனியாத்தானே இருக்கேன்?"

செயலாளர் சிரித்து, அவளுக்கு இன்னும் அரசியல் புரியவில்லை என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

அவர் எழுதியது அருமையாக இருந்தது. 'பின்னால் வரும் தோழரே!' என்று பெரிய எழுத்தில் தொடங்கியது. இரவு ஷிப்டு ஏன் வந்தது, பகல் யாருக்குச் சொந்தமானது, பிசைகிறவள் கைக்கும் தின்கிறவன் வாய்க்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பத்தி பத்தியாக ஓடியது. சொல்ல வேண்டியது நிறைய, தகடு சின்னது. ஆகவே எழுத்து கீழே போகப் போகப் பொடியாயிற்று. சாவடிக் காவலர் முழுவதையும் படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அபராதம் இல்லாமல் அவளை அனுப்பினார். நாங்கள் பூரித்துப்போனோம்.

அதே வாரத்தில் லாரி அவளை இடித்தது.

காவல் நிலையத்தில் லாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், நன்றாக அழுதிருந்தார்.

"பின்னாடி தகடு தெரிஞ்சுதுங்க. தோழரேன்னு கூப்பிட்டிருந்துது. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. மேல என்ன போட்டிருக்குன்னு பார்க்கக் கொஞ்சம் கிட்டப் போனேன். ரெண்டாவது பத்தி பொடி எழுத்துங்க. இன்னும் கிட்டப் போனேன். 'நடுவில் நிற்பவர் யார்?'னு ஒரு கேள்வி. பதில் அடுத்த வரியில இருந்துது..."

"அப்புறம்?" என்றார் ஆய்வாளர்.

"அடுத்த வரியைப் படிச்சேங்க. அதுக்குள்ள சக்கரம் ஏறிடுச்சு."

செயலாளர் முன்னால் வந்து அவர் தோளைத் தொட்டார். "எதுவரைக்கும் படிச்சீங்க?"

"மூணாவது பத்தி பாதிங்க."

"அடடா," என்றார் செயலாளர். "கடைசிப் பத்தியிலதான் விஷயமே இருக்கு."

துறையும் சும்மா இருக்கவில்லை. மோதிய ஓட்டுநர் 'கண்ணுக்குத் தெரியவில்லை' என்று சொல்லாத முதல் விபத்து இது; ஆகவே திட்டம் முழு வெற்றி என்று செய்திக் குறிப்பு வந்தது. துணை இயக்குநருக்குப் பதவி உயர்வு. எழுத்தருக்குத் துணை இயக்குநரின் நாற்காலி.

மருத்துவமனையில் மாவு அக்காவின் இடது காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் புருஷன் காலியான போர்வையை மடித்து மடித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நாளையிலிருந்து அவள் ஷிப்டுக்கு அவர் போக வேண்டும்.

"துறையே ஒத்துக்கிச்சு அக்கா," என்றார் செயலாளர். "தெளிவாத் தெரிஞ்சுதாம்."

"ஆமா தோழர். நான் தெரியணும்னு கேட்டேன். நீங்க தெரிஞ்சீங்க." புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "நீ போறப்போ சைக்கிள்ல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. கேட்டா எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லு."

இதற்கு மேலும் பொறுப்பதற்கு நாங்கள் என்ன கல்லா? செயற்குழு அன்றே கூடிக் கண்டன அறிக்கை தயாரித்தது. சுருக்கக்காரர்களும் விரிவுக்காரர்களும் ஒன்றுபட்டதால் அறிக்கை இரண்டு மடங்கு நீளமாயிற்று. அவள் விழுந்த இடத்திலேயே, சாலையோர விளக்குக் கம்பங்களில் வரிசையாக ஒட்டினோம். எந்தக் கம்பத்திலும் பல்பு இல்லை. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, செல்போன் வெளிச்சத்தில், லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார்கள். அவள் புருஷனும் நின்று படித்தார். அப்படி ஒரு கூட்டத்தைச் சங்கம் பார்த்ததே இல்லை.

கம்பங்கள் போதாமல் கடைசிப் பக்கம் கையிலேயே மிஞ்சிவிட்டது. அந்தச் சாலையில் மேலும் சில கம்பங்கள் நடும்படி துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம்.