நான் நெய்த துணியில் நானே தொங்கியது

மலையைப் பற்றித் திருத்தணிக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது திருத்தணிக்காரர்களே பரப்பிவிட்ட செய்தி. நானும் என் பங்குக்கு நிறையப் பரப்பியிருக்கிறேன். கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள் நான். கிருத்திகைக்குக் கிருத்திகை செருப்பில்லாமல் ஓடி ஏறுவேன். வெளியூர்க்காரர்கள் வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கி வருவேன். (அந்தச் சிரிப்பையெல்லாம் ஒரே நாளில் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது, அதே ஊரில். புகுந்த வீட்டார் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து தறி போட்டவர்கள். கூடத்தில் பாதி தறிக்குழி, மீதியில்தான் மனிதர்கள். மாமனாரை எல்லோரும் நைனா என்போம். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை குள்ளம், நல்ல கனம், முட்டிவலி வேறு. முருகனைப் பார்க்க பஸ்ஸில்தான் மேலே போவார். கேட்டால், "சாமிக்கு என் முட்டி தெரியாதா இன்னா?" என்பார். நான் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பொங்கல் கழிந்ததும் சேர வேண்டும், தினமும் ரயிலில் போய்வர வேண்டும். நைனா சரி என்றார். என் வீட்டுக்காரரும் சரி என்றார். எங்கள் வீட்டில் இந்த இரண்டு சரியும் சேர்ந்தால்கூட அரை சரிதான். அத்தை சொல்ல வேண்டும். அத்தை சொல்லவில்லை.

"தனியா போய்கினு வந்துகினு இருப்ப. வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"எனக்குத் தெரியும் அத்தே."

அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லித்தான் ரசம் வைத்தேன். அப்படிச் சொல்லித்தான் ஒருநாள் தறியிலும் உட்கார்ந்தேன். நான் நெய்து இறக்கிய லுங்கிப் பீஸை நைனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொசுவலைக்கு ஆவும்மா" என்று அன்பாகச் சொன்னார். கடைக்கும் போகாமல், துண்டு போடவும் மனசு வராமல், அது முழு நீளமாக வீட்டில் விரிப்பாகக் கிடந்தது.

கடைசியில் அத்தை ஒரு வழி சொன்னார். "காணும் பொங்கலுக்குத் தறி லீவு. என்னையும் கோமளாவையும் கோனைக்கு இட்டுகினு போ. ஆம்பளைங்க யாரும் வரவேணாம். வெளக்கு வெக்கறதுக்குள்ள பத்திரமா இட்டாந்துடு. அப்பால வேலையைப் பத்திப் பேசலாம்."

கோமளா என் நாத்தனார். கோனை என்பது நகரி தாண்டி ஆந்திரா பக்கத்து மலையில் இருக்கும் ஆழமான இடுக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடும். அடியில் ஒரு அருவியும் மடுவும் உண்டு. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மலைக்காரியிடம் போய் மலையில் பரீட்சை வைக்கிறாரே இந்த மனுஷி! வேலை கையில் வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

கூடை நிறையப் புளிசோறு, வடை, ஒரு தூக்கில் தண்ணீர், உட்கார விரிப்பாக என் கொசுவலை. பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுவழியில் நடந்து கோனையின் விளிம்புக்கு வந்ததும், தலைமை என்னுடையது. "அத்தே, அந்த வேரைப் புடிங்க. கோமளா, பாத்து. என் பின்னாலயே வாங்க." வேரைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து வழுக்கி, புடவை கிழிந்தாலும் பரவாயில்லை என்று சர்ரென்று இறங்கினோம். அத்தை ஒவ்வொரு வேரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அவருக்குப் பிரமிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் திருத்தணி மூளை தன் வேலையைக் காட்டியது. எங்களுக்கு மலை என்றால் போகும்போது பாடு, வரும்போது சுகம். போய்ச் சேர்ந்துவிட்டால் கஷ்டம் முடிந்தது, இனி இறக்கம்தான். ஆகவே மடுவுக்கு வந்து சேர்ந்ததும் நான் தாராளமாகிவிட்டேன். "எல்லாத்தையும் சாப்டுடலாம் அத்தே, கூடை கனம் எதுக்கு? தண்ணியையும் குடிச்சிடுங்க. திரும்பிப் போறது ஒரு வேலையா!" நான்தான் அதிகம் சாப்பிட்டேன். வடையையும் முடித்து, என் துணியில் நானே படுத்து ஒரு தூக்கமும் போட்டேன்.

கண்ணைத் திறந்தேன். மல்லாந்து கிடந்ததால் நேரே மேலே தெரிந்தது. வானம் ஒரு கிழிசல் அளவுக்கு இருந்தது. அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக உறைத்தது: இந்த மலை தலைகீழ். அடப்பாவி, வீட்டுக்குப் போக ஏற வேண்டும்!

"இன்னா சரசு, கிளம்பலாமா?" என்றார் அத்தை.

"ஆங், நீங்க முன்னால போங்க அத்தே. நான் பின்னால காவலுக்கு வரேன்."

அத்தை கூடையையும் துணியையும் எடுத்துக்கொண்டு, புடவையை வரிந்து கட்டினார். முட்டிவலி இருந்தது உண்மைதான், வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே ஏறினார். ஆனால் காலமெல்லாம் தறி மிதித்த கால் அது. கோமளாவையும் இழுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை போய், விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். நான் கீழே வயிற்றிலிருந்த புளிசோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மானம் போகிறதே என்று குறுக்கு வழியில் ஒரு பாறையில் ஏறினேன். பாசி. ஒரு கால் வழுக்கி, எப்படியோ ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போக முடியவில்லை. கீழே பார்த்தால் மடு.

கூப்பிடலாமா? கூப்பிட்டால் வேலை போச்சு. "வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்னா பண்ணுவ" என்று கேட்ட மனுஷி மேலே நிற்கிறார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முருகனை மனசுக்குள் மட்டும் கூப்பிட்டேன். அப்போது என் பாதத்துக்கு அடியிலிருந்த கல் பெயர்ந்து மடுவில் தொப்பென்று விழுந்தது.

"அத்தே...!"

பள்ளிக்கூடம், அரக்கோணம், மானம், எல்லாம் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. நான் ஒருமுறை கத்தினேன். கோனை நாலைந்து முறை கத்தியது. மரத்தில் இருந்த குரங்கெல்லாம் ஓடின. எதிர்ப்பக்கத்தில் பொங்கல் கொண்டாட வந்திருந்த தெலுங்குக்காரக் குடும்பங்கள் "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சென்று கேட்டுக்கொண்டே வந்து வரிசையாக உட்கார்ந்து, கரும்பைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். (ஒருத்தர் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினார்.)

"எங்கடி கீற?" மேலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இங்க! பாறைக்கு நடுவுல! எனக்கு ஏறத் தெரியல அத்தே! பயமா கீது!"

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு துணி இறங்கி வந்தது. கட்டத்தைப் பார்த்ததுமே எனக்கு உயிர் போய்விட்டது.

"அத்தே! இது நான் நெய்த துணி!"

"தெரியுது. அதான் ரெட்டையா மடிச்சுப் போட்டுக்கீறேன். இடுப்புல சுத்திக் கட்டு."

இழை விட்டுப்போன இடமெல்லாம் என் கண்ணுக்கு நேரே வந்தது. ஒவ்வொரு ஓட்டையையும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இனிமேல் ஒழுங்காக நெய்கிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டே கட்டினேன். அத்தை துணியை ஒரு மரத்தில் சுற்றிக்கொண்டு, குதிகாலைப் பாறையில் ஊன்றி இழுத்தார். கோமளா அத்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தார் "லாகு! லாகு!" என்று தெலுங்கில் இழுக்கச் சொல்லிக் கத்தினார்கள். நான் பாறையில் உரசி, ஒரு முள்செடியைக் கட்டிப்பிடித்து, முகம் முழுக்கப் பாசியோடு மேலே வந்து விழுந்தேன். கோனையே கைதட்டியது. துணி கிழியவில்லை. அதை இன்றைக்கும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு வந்தோம். வாசலில் நைனாவும் என் வீட்டுக்காரரும் தவித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் கத்தியதை அதே சுருதியில் கத்திக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் புழக்கடைக்கு ஓடினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

"எதுக்கு அழற? திங்கக்கிழமை வேலைக்குப் போவணும், புடவையை எடுத்து வெய்யி" என்றார் அத்தை.

எனக்குப் புரியவில்லை. "நான்தான் தோத்துட்டேனே அத்தே."

"எது கேட்டாலும் தெரியும் தெரியும்னு சொல்லிகினு இருந்த. ஒண்ணு ஆச்சுன்னா கௌரவம் பாத்துகினு வாயை மூடிகினு செத்துப்பூடுவியோன்னுதான் எனக்கு பயம். ஒரு மலையே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினியே! இப்படிக் கத்தறவ எங்க வேணா போய்ட்டு வரலாம்."

அன்றைக்கு என் மாமியாரைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை வெகுகாலம் வேறு யாரைப் பார்த்தும் அடையவில்லை. வேலையில் சேர்ந்தேன். ரிட்டையர் ஆகும்வரை அதே அரக்கோணம்தான். அத்தை இருந்தவரை காலையில் வாசலுக்கு வந்து, டிபன் டப்பாவைப் பற்றியோ குடையைப் பற்றியோ கேட்டதே இல்லை. "சரசு, தொண்டையை எடுத்துக்கினியா?" என்றுதான் கேட்பார். "ஆங், எடுத்துக்கினேன் அத்தே" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடுவேன்.

என் மகள் முதல்முதலாகத் தனியாக வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, அரக்கோணம் பிளாட்பாரத்தில் நின்று நானும் அதையே கேட்டேன். "தொண்டை?" பக்கத்தில் நின்ற அம்மாள் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சற்று நகர்ந்துகொண்டாள். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்க்க, "அத்தே...!" என்று ஒரு கத்து கத்திக் காட்டினாள். டிக்கெட் பரிசோதகர் ஓடிவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.