சிங்கத்துக்கு ஒரு ஃபோர் கே திரை

“புல்லுக்குள்ளை நிண்டவனை எனக்கெப்பிடித் தெரியும்? இந்தத் திரையிலை புல்லும் ஆளும் ஒரே கூழாயெல்லே கிடக்கு!”

ஜெயரூபன் மேசையில் ஓங்கிக் குத்தினான். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான் நொந்தது. திரையில் அவன் பிணமாகக் கிடந்தான். மேலே எழுத்து ஓடியது: ‘குளவி, வலிகாமச் சிங்கத்தைக் கொன்றது.’

வலிகாமச் சிங்கம் அவன்தான். பகலில் சுன்னாகத்து இரும்புக்கடையில் ஆணியும் பிணைச்சலும் விற்பவன். பின்னேரத்தில் இணைய விளையாட்டில் துவக்கோடு திரிபவன். குளவி யாரென்று தெரியாது. கனடாவிலோ கட்டாரிலோ இருக்கிற ஏதோவொரு மூதேவி. ஒரு மாதமாக அவனைத் தேடித் தேடிக் கொன்றுவிட்டு, ‘கண்ணாடி போட்டுக்கொண்டு வா’ என்று செய்தியும் அனுப்புகிறது.

“வலிகாமச் சிங்கத்தோடை விளையாடுறியோ! இரடா, வாறன்!”

“மெல்லக் கத்துங்கோப்பா, வேலிக்கு அங்காலை கேக்குது,” என்றாள் மனைவி சிவகௌரி.

“கேக்கட்டும்! எனக்கு வேண்டியது ஃபோர் கே திரை. அது வந்தால் ஒவ்வொரு புல்லா எண்ணலாம்.”

“புல்லு எண்ணவோ இவ்வளவு படிச்சனீங்கள்?”

அவளிடம் சீட்டுக் காசு இருந்தது. உடுப்புத் தோய்க்கிற மிசினுக்கென்று வைத்தது. இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது.

“எடுங்கோ. ஆனால் இதுக்கு மேலை ஒரு சதமும் கேக்கக்கூடாது. வாற பறுவ நிலாவுக்குள்ளை ஒருக்காலெண்டாலும் அந்தக் குளவியை வெண்டு காட்டோணும். இல்லாட்டி எல்லாத்தையும் வித்து எனக்கு மிசின். அது வருமட்டும் உடுப்புத் தோய்க்கிறது நீங்கள்.”

புத்திசாலி முதலில் எது எதோடு பொருந்துமென்று பார்ப்பான். கோபக்காரன் முதலில் இருப்பதிலேயே பெரியதை வாங்குவான். பெரிய திரை வந்தது; அரைவாசிக் காசு போனது. படம் கண்ணாடிபோலத் தெளிவுதான், அசைவுதான் இல்லை. சிங்கம் ஓட வெளிக்கிட்டால் வடம் பிடித்த தேர்போல அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. குளவி ஆற அமர வந்து சுட்டது.

‘இப்ப தெளிவாத் தெரியுதோ?’ என்று கேட்டது.

மறுநாள் ஜெயரூபன் யாழ்ப்பாணத்துக் கணினிக்கடையில், திரையை விற்ற டினேஸின் மேல் பாய்ந்தான்.

“என்னத்தைத் தந்து ஏமாத்தினனீர்?”

“அண்ணை, திரை பெரிசெண்டால் கிராபிக்ஸ் கார்டும் பெரிசா வேணும். இருபது பரப்புத் தோட்டத்துக்கு வாளியாலை தண்ணி இறைக்கேலுமே?”

“உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொல்ல வாயைத் திறந்தனான். நீங்கள்தான் ‘கதைக்காமல் பெரிசை எடு’ எண்டனீங்கள்.”

பாவித்த பழைய கார்டொன்று கட்டுப்படியான விலையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பெட்டிக்குள் அடங்கவில்லை. இரும்புக்கடைக்காரனுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? கிரைண்டரைக் கொண்டுவந்து பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி எறிந்தான். மிஞ்சிய காசுக்கு ஒரு பவர் சப்ளை வாங்கினான். அதன் வீரமெல்லாம் சுற்றியிருந்த மட்டையில்தான் இருந்தது.

ஆனால் அன்று பின்னேரம் அற்புதம் நடந்தது. படம் தெளிந்தது, ஓடியது. புல் புல்லாகத் தெரிந்தது. புல்லுக்குப் பின்னால் குளவி!

“அம்பிட்டாய்! மதிலுக்குப் பின்னாலை பதுங்குறியோ? தெரியுதடா!”

விசையை அழுத்தப் போனான். வேலிக்கு அங்கால் ‘ம்ம்ம்’ என்று இறைக்கிற மோட்டர் உறுமியது. மின்குமிழ் கள்ளுக் குடித்தவன் கண்போலச் சொருகியது. கணினி பொத்தென்று அணைந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அவன் குறிபார்க்கும் நேரம் பார்த்துத்தான் அயல் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

பொறுக்க முடியாமல் தகர வேலியில் தட்டினான். எட்டிப் பார்த்தவள் தனுஷா, பக்கத்துவீட்டு ஆழ்வாப்பிள்ளையரின் மருமகள். கலியாணம் முடித்த கையோடு புருசன் கட்டாருக்குப் போனபின், யாரோடும் முகம் கொடுத்துச் சிரிக்காத பிள்ளை. கையில் கீறல் விழுந்த போன்.

“பிள்ளை, உந்த மோட்டரைக் கொஞ்சம் பிந்திப் போடேலாதோ?”

“வெங்காயம் வாடுது அண்ணை,” என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

வாடுகிற பயிருக்கு முன்னால் சிங்கமென்றாலும் என்ன செய்வது? திரும்பி வந்து டினேஸுக்குப் போன் எடுத்துக் கத்தினான்.

“யூபிஎஸ் ஒண்டு போடுங்கோ அண்ணை. கரண்ட் இறங்கினாலும் தாங்கும்.”

காசு முடிந்திருந்தது. பழைய திரையை விற்று ஒரு பழைய யூபிஎஸ் வாங்கினான்.

பறுவமும் வந்தது. வீட்டிலிருந்த மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தான்.

“என்ரை விளைமீன் பழுதாப்போகும்!” என்றாள் சிவகௌரி.

“பழுதாகட்டும்! இண்டைக்கு ஒருத்தன் சாகோணும்!”

குளவி தண்ணீர்த் தாங்கியின் மேல் நின்றது. முதுகு காட்டி நின்றது.

“தாங்கிக்கு மேலையோ நிக்கிறாய்? முடிஞ்சுதடா உன்ரை கதை!”

‘ம்ம்ம்...’

யூபிஎஸ் ‘கீ கீ’ என்று கத்தியது. கழுத்து நெரிபட்ட கோழிபோல ஒருதரம் துடித்தது. அதுவும் கணினியும் ஒன்றாகவே உயிரை விட்டன. திரையின் கறுப்பில் அவனுடைய முகம்தான் ஃபோர் கேயில் தெரிந்தது.

“மிசின் எண்டைக்கு வரும்?” என்று சிவகௌரி குசினியிலிருந்து கேட்டாள்.

ஜெயரூபன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வளவுக்குள் பாய்ந்தான். முற்றத்தில் ஆழ்வாப்பிள்ளையர் சணல் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சுற்றிவரக் குவியல் குவியலாக வெங்காயம்.

“ஐயா! உங்கடை மோட்டராலை என்ரை மானம், காசு, மீன் எல்லாம் போச்சு! நான் கணினிக்கு முன்னாலை இருந்தவுடனைதானோ உங்கடை வெங்காயத்துக்குத் தாகமெடுக்கிறது?”

கிழவர் கட்டிக்கொண்டிருந்த வெங்காயப் பிடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“வெங்காயம் கிண்டி எடுத்து மூண்டு கிழமை, தம்பி. வெறுந்தரைக்கு ஏன் இறைக்கிறாளெண்டு எனக்கும் விளங்கேல்லை. போனைப் பாத்துக்கொண்டே ஓடிவருவாள், மோட்டரைப் போடுவாள், ‘செத்தான் வலிகாமச் சிங்கம்’ எண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். மகன் கட்டாருக்குப் போனாப்பிறகு இந்தப் பிள்ளை சிரிச்சதே உந்தச் சிங்கம் சாகத் தொடங்கின பிறகுதான். உவன் ஆரெண்டாலும் நல்லாயிருக்கோணும்!”