மாறவே மாறாத எக்ஸ்

கடைசியாக என் மனைவியை உயிரோடு பார்த்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ஊசி. அந்த நிலையிலும், "உங்க எக்ஸ் சாப்பிட்டானா?" என்றாள். எங்கள் பேரனைத்தான் அப்படிக் கேட்டாள். அவள் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

நான் தையல்காரன். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். நூல்கண்டை அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் தைப்பேன். அவள் இல்லாத ஒரே ஒரு நாள், வாத்தியக்குழுக்காரர் ஒருவரின் சிவப்புக் கோட்டுக்குப் பச்சை நூலில் பட்டன் காஜா போட்டுவிட்டேன். மற்றபடி புகார் கிடையாது.

என் மகனுக்கும் அதே கண். ரயில் ஓட்டும் வேலைக்குப் போனவனைப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் நான்தான் குற்றவாளி.

"எல்லாம் உங்க பரம்பரைச் சொத்து! ரயில் ஓட்ட வேண்டிய புள்ள, சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுறான்!" என்பாள்.

வருஷக்கணக்காக வாயை மூடிக் கேட்டேன். மகன் முகத்தை நேராகப் பார்க்கவே கூசியது. பிறகு பழைய புத்தகக் கடையில் ஒரு உயிரியல் பாடப்புத்தகம் கிடைத்தது. தையல் மெஷின் மேல் வைத்தே படித்தேன். ஒரு பக்கத்துக்கு வந்ததும் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. நான் நிரபராதி!

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

"கேட்டுக்க. பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு. ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. சிவப்பு, பச்சை பார்க்கிற சங்கதி எக்ஸ்லதான் இருக்கு. மகனுக்கு அப்பன் குடுக்கிறது வெறும் ஒய். எக்ஸ் அம்மா குடுக்கிறது. அப்ப அவன் கண்ணைக் கெடுத்தது யாரு?"

"நானா? எனக்குத்தான் எல்லா நிறமும் தெரியுதே!"

"உன்கிட்ட நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு. நல்லதை வச்சு நீ பொழைச்சுக்கிட்ட. கெட்டதைப் பார்த்து அவன் தலையில கட்டிட்ட!"

"அடிப்பாவி!" என்று அக்கா வாயில் கை வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரிங்க. பொண்ணுக்கு?"

"அப்பா ஒரு எக்ஸ், அம்மா ஒரு எக்ஸ்."

"உங்ககிட்ட இருக்கிறதே ஒண்ணுதான? அதுவும் கெட்டது?"

"...ஆமா."

"நம்ம பொண்ணுக்கு நிறமெல்லாம் நல்லாத் தெரியுது. அப்ப நான் குடுத்தது நல்லது?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"இந்த விதி மாறாதே?"

"மாறவே மாறாது! சத்தியம் பண்ணவா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டுக்கிட்டீங்கல்லக்கா? போன வாரம் எங்க பொண்ணு வயித்துப் பேரனோட டீச்சர் சொன்னாங்க. இலைக்கெல்லாம் சிவப்பு அடிக்கிறானாம். அவன் அம்மாகிட்டயிருந்து அவனுக்கு வந்தது எந்த எக்ஸ்? அவகிட்ட இருக்கிற கெட்டது யாரு குடுத்தது? மாறவே மாறாதாம்!"

ஒரு வாரம்! அதை மடியில் கட்டிக்கொண்டு, நானாக வந்து விழட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் டீ குடிக்க வெளியே போனபோதெல்லாம் என் புத்தகத்தையும் படித்திருக்கிறாள்.

"மகனுக்கு நீ, பேரனுக்கு நான். சமம்தானே?" என்றேன்.

"எப்படிங்க சமம்? அவன் வளர்ந்தவன். இது பச்சப்புள்ள!"

அக்காவும் தலையாட்டினாள். மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்று நினைத்த அன்றே பேரன் முகம் வந்து எதிரே நின்றது.

அவள் போய்விட்டாள். மகள் வேலைக்குப் போகும்போது பேரனை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறாள். நான், மகன், பேரன், மூன்று பேரும் சந்தைக்குப் போகிறோம். தக்காளி பழுத்ததா என்று அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.