டிரிப்டோபான் இருந்த இடம்

ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். குழந்தை பிறந்ததும் மூக்கு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வார், புது மேனேஜர் வந்ததும் பழையவரே தேவலை என்பார், இரண்டு கடைத் தேநீரையும் குடித்துப் பார்த்து இரண்டையும் குறை சொல்வார். இதையே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு. இந்தக் கதையில் வரும் மகள் அவர்களில் ஒருத்தி.

ஆய்வகத்தில் அவள் புரதங்களை ஒப்பிடுகிறாள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. லியூசின் இடத்தில் அதன் இரட்டைப் பிறவி போன்ற ஐசோலியூசின் வந்தால் பாதகமில்லை, கூட்டல். அரிதான, பருத்த டிரிப்டோபான் இடத்தில் சுண்டைக்காய் கிளைசின் வந்து நின்றால் கழித்தல். இது ஆய்வகத்தோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நின்றதா?

போன மாதம் அப்பா இறந்தார். அண்ணி தனியாக இருக்கிறார்களே, மாடி அறைக்கு நான் குடிவந்துவிடட்டுமா என்று அப்பாவின் தம்பி கேட்டார். அம்மாவுக்குச் சம்மதம். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள்.

ஞாயிறு மதியம் சித்தப்பா சாப்பிட வந்தார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் மனசுக்குள் அட்டவணையை விரித்தாள். அப்பா சாப்பிடும்போது பேசமாட்டார். இவர் வாய் ஓயவில்லை. கழித்தல். அப்பா தும்மினால் வீடு அதிரும். இவர் தும்மியது பூனைக்குக்கூடக் கேட்டிருக்காது. பெரிய கழித்தல்.

"என்னம்மா, பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி பாக்கற?" என்றார் சித்தப்பா. "பாஸா ஃபெயிலா, அதையாவது சொல்லிடு."

ஃபெயில். சொல்ல வாயெடுத்தாள்.

"தம்பி, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் அம்மா. "அது அவர் இடம். காலியாவே இருக்கட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"அதுக்கென்ன அண்ணி." தட்டோடு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், கேட்காமலே, தண்ணீர்ச் செம்பை அம்மாவின் கைக்கெட்டும்படி நகர்த்தி வைத்தார். அப்பா செய்வது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மகள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது: இரண்டு சரங்களை ஒப்பிடும்போது ஒன்றில் விடுபட்ட இடத்தை வெறுமையாக விடு, மிச்சத்தைத் தள்ளி வை, அதற்கப்புறம் மதிப்பெண் போடு.

"மாடி ஜன்னல் ஒட்டிக்கும் சித்தப்பா," என்றாள். "இடிச்சுத்தான் திறக்கணும்."

ஒப்பிடுகிற வியாதி அவளுக்கு, நமக்கென்ன என்கிறீர்களா? நம்ம வீட்டுச் சித்தப்பாவுக்கு இவர் எவ்வளவோ தேவலை என்று நடுவில் ஒரு நிமிஷம் நினைத்தீர்களே, அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?