சின்னவள் பட்டத்துக்குப் போரிட்ட முள்ளெலிக் கொடியாள்

வாழ்க ஸெல்மா! டான்யூப் பேராறு நடுவே பாய்ந்து இரு கூறாக்கிய புடாபெஸ்ட் மாநகரில், ஜெப ஆலயத்தின் பின்கட்டில், யூதப் பெருமக்கள் தம் மழலையர்க்கென நடத்தும் பள்ளியின் மஞ்சள் அறைக்கு அணிகலனாய்த் திகழ்ந்தவள். தன் கோட்டு தொங்கும் ஆணிக்கு மேலே முள்ளெலிச் சின்னம் பொறிக்கப்பெற்றமையால் முள்ளெலிக் கொடியாள் என்று புகழத்தக்கவள். பசலைக்கீரைக் கூட்டைப் பலமுறை எதிர்த்து நின்று ஒருமுறையும் வாய்திறவாதவள். சறுக்குமரத்தின் வழுக்கும் பக்கமாகவே ஏறி உச்சி கண்டவள். நான்கு பிராயத்தைக் கடந்து ஐந்தை நோக்கி வீறுநடை போடுபவள். அவளுடைய வெற்றிகளைப் பாட ஆயிரம் நா வேண்டும். இங்கே நாம் சொல்லவிருப்பது அவள் தோற்ற கதை.

பாஸ்காத் திருநாள் நெருங்கிய ஒரு காலைப்பொழுது. பெற்றோர் முன்னிலையில் நிகழவிருந்த பந்திக்கு ஒத்திகையாக, வெள்ளைத்துணி தரைவரை தவழும் நெடுமேசையில் புளிப்பில்லா அப்பமும், கண்ணீர் வரவழைக்கும் காரக்கிழங்கும், ஆப்பிளும் வாதுமையும் அரைத்த இன்துவையலும் அணிவகுத்திருந்தன. அவ்வேளை, பதினேழு மூக்குகளையும் ஒரே கைக்குட்டையால் ஆள வல்லவளும் மழலையர் அத்தை என்றழைப்பவளுமான பேராசிரியை ஆனிகோ, அவைநடுவே எழுந்து முழங்கினாள்:

"இந்தப் பந்தியில யாரு ரொம்பச் சின்னவங்களோ, அவங்கதான் நாற்காலி மேல நின்னு, 'இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி'ன்னு கேக்கற நாலு கேள்வியும் பாடணும். நம்ம ஷாமுதான் சின்னவன், ஆனா அவனுக்கு அம்மை போட்டிருக்கு. அதனால அடுத்த சின்னவங்க யாருன்னு பாப்போம்."

இது கேட்டதும் ஐந்தைக் கடந்த பெருங்குடியினர் யாவரும் போட்டியின்றி ஒதுங்க, களத்தில் இருவரே எஞ்சினர். ஒருத்தி முள்ளெலிக் கொடியாள். மற்றவன் ஆப்ரிஷ், குடைச் சின்னம் பொறித்த ஆணிக்கு உரியவன், மூக்குக்கண்ணாடியை ரப்பர் நாடாவால் தலையோடு பிணித்த திண்ணியன். முந்தின நாள்வரை இவ்விருவரும் சுவரில் தீட்டிய ஒட்டகச்சிவிங்கியின் அருகே முதுகோடு முதுகு பொருத்தி, யார் உயரம் என்று குதிகால் தூக்கிப் பொருதவர்கள். அன்றோ உலகம் தலைகீழாயிற்று. பண்டை மறவர் களம்புகுமுன் தம் பெருமையைத் தாமே சாற்றுவதை நெடுமொழி என்பர் புலவர். இவர்கள் சாற்றியதைக் குறுமொழி என்றே சொல்லவேண்டும்.

"எனக்கு ஜிப்புப் போடத் தெரியாது" என்று முதற்கணையை ஏவினான் ஆப்ரிஷ்.

"எனக்கு ஜிப்பும் தெரியாது, பட்டனும் தெரியாது" என்றாள் ஸெல்மா. தன் கோட்டின் பொத்தான்களை அடிமுதல் முடிவரை தானே பூட்டிவிட்டதாக முந்தின வாரம் மூன்று அறைகளுக்கும் சென்று பறைசாற்றிய அதே திருவாய்.

"நான் இருட்டுன்னா பயப்படுவேன்."

"நான் வெளிச்சத்துக்கே பயப்படுவேன்."

தும்பை மலராத அந்நாட்டில் இவ்வாறு தும்பைப் போர் மூண்டது. எதற்கு இத்தனை மூர்க்கம் என்பீராயின், ஸெல்மாவின் நெஞ்சுக்குள் சற்றே எட்டிப் பார்த்தல் வேண்டும். குளிர்காலத்தில் அவள் இல்லத்தில் மிஷி என்றொரு தம்பி வந்து குடியேறினான். பல்லில்லாத அச்சிற்றரசன் அழுதால் வீடே கைகட்டி நின்றது. அவள் அழுதாலோ, "நீ அக்காவாச்சே" என்ற ஒற்றைச் சொல் எல்லாத் திசையிலிருந்தும் வேல்போல் வந்து தைத்தது. அம்மாவின் மடி போயிற்று. அப்பாவின் தோள் போயிற்று. குளியல் தொட்டியில் அகலமான பக்கம் போயிற்று. உலகில் ஓரிடத்திலாவது, ஒருநாளாவது, எல்லோரிலும் சின்னவள் என்று பெயர் வாங்கிவிடவேண்டும் என்பதே அவ்வீராங்கனையின் வேட்கை.

அப்போது ஆப்ரிஷ், எவனும் துணிந்து எடுக்காத பேரத்திரத்தை எடுத்தான். கண்ணாடியை மேலேற்றி, அவை முழுதும் கேட்க மொழிந்தான்:

"நான் ராத்திரி இன்னும் டயபர் போட்டுட்டுத்தான் தூங்கறேன்."

கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தவனும் நிறுத்தினான். ஒரு மானிடன் வெற்றிக்காகத் தன் மானத்தையே கழற்றி வைத்ததைக் கண்டு அனைவரும் மெய்சிலிர்த்தனர். ஸெல்மா மட்டும் கலங்கவில்லை. நிலமகளின் மேல் இரு கையும் இரு முழங்காலும் ஊன்றி, தம்பியிடம் கண்டு கற்ற வித்தையெல்லாம் காட்டி, ஆசிரியையின் காலடிவரை தவழ்ந்து சென்று, தலை நிமிர்ந்து, "ங்கா" என்றாள்.

வெற்றித்திருமகள் யார் பக்கம் சாய்வது என்று மயங்கிய அந்தக் கணத்தில், டோர்க்கா என்னும் ஆறு வயதுச் சான்றோள் எழுந்தாள். பள்ளியில் வெட்டிய ஒவ்வொரு கேக்கையும் மறவாத பேரறிவினள். அவள் உரைத்தாள்:

"ஸெல்மா பொறந்தநாளுக்கு ஜாம் டோனட்டு சாப்பிட்டோம். ஜன்னல்ல விளக்கெல்லாம் வச்சிருந்தாங்க, வெளிய பனி கொட்டுச்சு. ஆப்ரிஷ் கேக்கு இப்பத்தான் வேஷம் போட்ட திருநாளுக்கு அப்புறம் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் இப்ப நாலு, அதனால முன்னாடி பொறந்த ஸெல்மாதான் பெரியவ. நீ வேணும்னா என்கூட வந்து பெரியவங்க பக்கம் உக்காந்துக்கோ ஸெல்மா."

வாழ்த்தாகச் சொன்ன அச்சொல்லே இடியாக இறங்கிற்று. ஆனிகோவும் நாற்காலியை ஆப்ரிஷின் பக்கமே இழுத்துப் போட்டாள். முள்ளெலிக் கொடியாள் ஒரு சொட்டுக் கண்ணீரும் பிறர் காண விடாமல், வெள்ளைத்துணியை விலக்கி மேசைக்கடியிற் புகுந்து, அதையே தன் அரணாக்கி, உள்ளிருந்து ஆணையிட்டாள்:

"நான் இனிமே இங்கதான் இருப்பேன். சாப்பாட்ட இங்கயே அனுப்புங்க. கீரை வேணாம்."

வென்றவன் நாற்காலி என்னும் அரியணை ஏறினான். மார்பை விரித்தான். வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கற்றதெல்லாம் கூண்டு திறந்த குருவிகளாய்ப் பறந்துபோக, முப்பத்துச் சொச்சம் கண்களும் அவனையே தின்றன.

அரணுக்குள் இருந்தவளுக்கு அவன் முகம் தெரியவில்லை. துணியின் ஓரமாய்த் தெரிந்தவை அவனுடைய காலுறைகள் இரண்டே. பெருவிரல் எட்டிப் பார்க்கும் பச்சை உறை. அதற்குள் விரல்கள் மடங்கி, நாற்காலியைக் கவ்விக்கொண்டிருந்தன. பகைவன் வீழ்கிறான் என்று முதலில் அவள் நெஞ்சு கூத்தாடியது உண்மை. மெத்தையிலிருந்து நழுவப்போகும் மிஷியும் இப்படித்தான் விரல் மடக்குவான் என்பது அவளுக்கு அடுத்து நினைவில் வந்தது. இந்த நான்கு கேள்விகளையும் அத்தம்பிக்கே தொட்டிலருகில் அவள் பாடிப் பாடிப் பழகியிருந்தாள். அதைக் கேட்டால்தான் அவன் அழுகை ஓயும். ஆதலால் வாய் தானே திறந்தது. முதலில் ஊசிமுனைபோல் மெலிந்து, பின் ஓடைபோல் தெளிந்து, மேசையின் அடிவயிற்றிலிருந்து பாட்டு எழுந்தது. மேலே ஆப்ரிஷ் அதைப் பற்றிக்கொண்டு, முதல் கேள்விக்கு உதடும், இரண்டாம் கேள்விக்குக் குரலும் பெற்று, நான்கையும் பாடி முடித்தான்.

அவையோர் கைதட்டினர். அவன் தட்டவில்லை. நாற்காலியில் நின்றபடியே அறிவித்தான்:

"முதல்ல நான் வாய மட்டும்தான் அசைச்சேன். பாட்டு கீழேர்ந்து வந்துச்சு. அப்பா அம்மால்லாம் வர்ற அன்னிக்கும் எனக்குக் கீழ ஸெல்மா வேணும். இப்ப எனக்கு ஒண்ணுக்கு வருது."

அவனை டோர்க்காவோடு அனுப்பிவிட்டு, கல்விக்கடல் ஆனிகோ முழந்தாளிட்டு, கொண்டை மேசையில் இடிபட, அரணுக்குள் நுழைந்தாள்.

"அழகாப் பாடினடி கண்ணு" என்றாள்.

ஸெல்மா அதைக் காதில் வாங்கவில்லை. "வீட்ல நான் அக்கா. இங்கயும் பெரியவளாம். அப்ப நான் எங்கதான் அத்தை சின்னவளா இருக்கறது?"

இது திருநூலில் இல்லாத ஐந்தாம் கேள்வி. ஆனிகோ, இடமற்ற அவ்விடத்தில் ஒருவாறு காலை மடித்து அமர்ந்து, மடியை விரித்தாள். உயரம் அளக்கும் சுவரில் முந்தின நாள் பெருமிதத்தோடு நிமிர்ந்து நின்ற நெடுங்கால்களை எல்லாம் சுருட்டிக்கொண்டு, மலைமுகட்டில் வந்திறங்கும் முகில்போல ஸெல்மா அதில் ஏறி, கன்னத்தை அவள் தோளில் அழுத்தி, கட்டைவிரலை வாயிலிட்டுக் கண்மூட, மேலே அப்பங்கள் நொறுங்கவும், காரக்கிழங்குண்டோர் அலறவும், இன்துவையல் துணிமேல் சிந்தவும், பந்தி தன்பாட்டுக்கு நடக்க, மணிமுடியும் அரியணையும் வேண்டாத அம்மாமகள் அகிலத்திலேயே மிகச் சின்னவளாய் அங்கு வீற்றிருந்தாள்.

ஆனிகோவுக்கு இடது கால் மரத்துப்போயிற்று.