சேட்டைப் படத்துக்குக் கொடுத்த வாழைத்தார்

ராயப்பன்பட்டிப் பங்கிராஸ் அந்த வருஷக் கோயில் திருநாளுக்கு முன்னால் ஒரு சபதம் எடுத்தார். பெண்டாட்டி வாயை அடைத்தே தீருவது. அதுவும் அடிக்காமல், வையாமல், ஊரே பார்க்க அடைப்பது. இப்படிச் சபதம் எடுத்த புருஷன்மார் கதி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, பாவம். பாவம் என்று வாய் தவறி வந்துவிட்டது. அந்த ஆளுக்குப் பாவமே பார்க்கக் கூடாது. ஏன் என்று கேளுங்கள்.

அவருக்கு வாய்க்கால் ஓரம் நல்ல வயல். பேரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு இரண்டு போகம். வாழைத்தோட்டம் தனி. வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். பெற்ற இரண்டையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு இருப்பவள் செபஸ்தியம்மாள். அவளுக்கு ஒரே தங்கை, சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட வியாகுலமேரி. புருஷனை முன்னமே பறிகொடுத்தவள். போன மழைக்காலத்துப் பேதியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். கண்ணை மூடுமுன் அக்கா புருஷனைக் கூப்பிட்டாள். பங்குச் சாமியார் பக்கத்தில் நின்றார். பங்கிராஸ் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, "உம்புள்ளைக இனி எம்புள்ளைக. நிம்மதியாப் போ தாயி" என்றார். அவளும் நம்பிப் போய்விட்டாள். செத்தவளிடம் சொன்ன சொல்தானே, திரும்பி வந்தா கேட்கப் போகிறாள்?

அந்தப் பிள்ளைகள் அமிர்தராஜும் மதலேனாளும் சுருளிப்பட்டியில் ஏதோ தூரத்துச் சொந்தத்தின் வீட்டில் ஆடு மேய்த்துக்கொண்டு, சட்டியில் மிச்சம் இருந்தால் தின்றுகொண்டு கிடந்தன. பங்கிராஸ் நடவு முடியட்டும் என்றார். முடிந்தது. அறுப்பு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. தவக்காலத்தில் வேண்டாம் என்றார். சாமி உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்ததும் காலில் முள் குத்திவிட்டது என்றார்.

இத்தனைக்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் பிள்ளை இருந்தால் மத்தியானத் தூக்கம் கெடும். கெட்டித் தயிர் பங்கு போகும். அட, அவ்வளவுதான்! இதை வெளியே சொல்ல முடியுமா?

"எப்பங்க கூட்டியாரப் போறீக?"

"வரும்போது வரும்."

"புள்ளைக என்ன மழையா, வரும்போது வர?"

"ஏ செபஸ்தி, புள்ளைன்னா லேசா? பானையை உடைக்கும். வைக்கப்படப்புல தீயை வைக்கும். கட்டி மேய்க்க உன்னால ஆகாது."

"ஊரான் புள்ளையை ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்பாக."

"நமக்குத்தான் தன் புள்ளையே இல்லையே. எது வளர?"

சொன்ன வாய்க்குச் சூடு போட வேண்டாமா? செபஸ்தியம்மாள் அடுப்பை ஊதப் போனாள். அன்றைக்குத் தயிர்ச் சோற்றை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். பங்கிராஸ் பாதிச் சோற்றோடு எழுந்தார். ஒரு மனுஷன் திருந்த அது போதும். இவர் திருந்தவில்லை. யோசனை பண்ணினார்.

அந்தத் திருநாளுக்கு மதுரையிலிருந்து ஞானதுரை என்று ஒரு படக்காரர் வந்து இறங்கியிருந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. மாட்டுவண்டியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருக்கிற படத்தில் ஆள் நடக்கும், ரயில் ஓடும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். நம்பாதவர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நம்பினவர்களும் நின்றார்கள். பங்கிராஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் விசாரித்தார்.

"என்னென்ன படம்யா வச்சிருக்கீரு?"

"ரயில் வாரது, கடல் அலை, குதிரைப் பட்டாளம். கடைசியா ஒரு சேட்டைப் படம். வெள்ளைக்காரப் புள்ளைக ரெண்டு சேந்து ஒரு பெரிய மனுசரைப் படாதபாடு படுத்தும். சனம் உருண்டு சிரிக்கும்."

"படம் பேசுமா?"

"படத்துக்கு ஏதுய்யா வாயி? நாந்தான் பக்கத்துல நின்னு கதை சொல்லுவேன். ஊருக்கு ஒரு கதை. போடியில அந்தப் பெரிய மனுசர் ஒரு கோவக்கார வாத்தியாரு. பெரியகுளத்துல மருமகனுக்குச் சோறு போடாத மாமனாரு."

பங்கிராசுக்குப் பொறி தட்டியது. படக்காரரை ஓரமாக இழுத்துப் போனார்.

"இங்கன நான் சொல்ற கதையைச் சொல்லும். அவரு தங்கமான மனுசன். தாய் தகப்பன் இல்லாத புள்ளைகளை இரக்கப்பட்டு வீட்டுல சேத்தாரு. சேத்த பாவத்துக்கு அதுக அவரைச் சீரழிச்சிருச்சுக. அடுத்தவன் புள்ளைய வீட்டுல சேக்காதீக மகாசனங்களேன்னு முடிக்கணும்."

"முடிச்சிருவோம். நமக்கு என்ன செய்வீக?"

பங்கிராஸ் தோட்டத்துக்குப் போனார். நேந்திரன் தார் ஒன்று பழுத்து மணந்துகொண்டு தொங்கியது. அரிவாளை அதன் பக்கம் கொண்டுபோனார். மனசு வரவில்லை. தயிருக்குத் தொட்டுக்கொள்ள வேண்டாமா? அடுத்த மரத்தில் கல்லு மாதிரி ஒரு பச்சைத் தார். அதை வெட்டிக் கொண்டுபோய் வண்டியடியில் வைத்தார்.

படக்காரர் தாரையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "முழுக்கக் காயா இருக்கேய்யா?"

"இருந்தாப் பழுக்கும்."

"இருக்க எனக்கு ஏது நேரம்? திருநா முடிஞ்சா கூடலூர் போகணுமே."

"வண்டியிலயே பழுக்கும்யா. போற இடத்துல தின்னும்."

லஞ்சத்திலும் கஞ்சத்தனம்! எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று சும்மாவா சொன்னார்கள்.

திருநாள் அன்றைக்குக் காலையில் வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். செபஸ்தியம்மாள் நேந்திரங்காயைச் சீவி எண்ணெயில் வறுத்து உப்பேரி போட்டுக்கொண்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்களிடம் கற்ற பக்குவம். அந்த ஊரில் அதற்கு ஏற்ற உருளிச் சட்டியும் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

"என்ன விசேசம்?"

"திருநாளும் அதுவுமா வாயில போட்டு நொறுக்க ஏதாச்சும் வேணாமா? தின்னுங்க."

தின்றார். இரண்டு கையாலும் அள்ளித் தின்றார். தின்றுகொண்டே, "இன்னைக்குப் படம் பாக்க நீ கட்டாயம் வரணும். புள்ளைக்கு ஆலாப் பறக்கிறியே, அங்கன பாத்தா உனக்குப் புத்தி வரும்" என்றார்.

"வாரேன். புத்தி யாருக்கு வந்தாலும் நல்லதுதான" என்றாள் அவள், சட்டியைக் கிளறிக்கொண்டே.

பொழுது சாய்ந்ததும் கோயில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். பூசையில் உட்காருகிற மாதிரியே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்னால் நாற்காலியில் சாமியார். பங்கிராஸ் ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார். ரயில் வந்தது, பாதிப் பேர் எழுந்து ஓடித் திரும்பி வந்தார்கள். கடல் வந்தது. பட்டாளம் வந்தது. பங்கிராசுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. சேட்டைப் படத்துக்குக் காத்திருந்தார்.

வந்தது. ஒரு தோட்டம். தொந்தி பெருத்த வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறார். இரண்டு பக்கமும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள்.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். "மகாசனங்களே! இவரு ஒரு பெரிய மனுசர். வயலு உண்டு, தோட்டம் உண்டு. மத்தியானம் தூங்காட்டி உசுரு போயிரும்."

பங்கிராஸ் நிமிர்ந்தார். இது நம் கதையில் இல்லையே?

"இவரோட கொழுந்தியா சாகக் கிடக்கையில சுரூபத்தைத் தொட்டு, ஓம்புள்ளைக எம்புள்ளைகன்னு சத்தியம் பண்ணினாரு. அவ போனா. இவரு வந்து தூங்கிட்டாரு. கேட்டா நடவுன்னாரு, அறுப்புன்னாரு, கால்ல முள்ளுன்னாரு."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏலே, இது நம்ம பங்கிராசுல்ல!"

அவ்வளவுதான். மைதானம் வெடித்தது. துணியில் அந்தப் பிள்ளைகள் நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஆட்டின் கழுத்தில் கட்டின. ஆடு ஓடியது. நாற்காலி கவிழ்ந்தது. பூச்சட்டிகள் நொறுங்கின. பெரிய மனுசர் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். பிள்ளைகள் ஓட்டம் பிடித்தன. பெண்கள் பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். தூங்கிக்கிடந்த கைப்பிள்ளைகளெல்லாம் எழுந்து அழுதன. பங்கிராசுக்கு வேர்த்து ஊற்றியது. தொட்டிக்குள் விழுந்தவரை விட இவர் அதிகமாக நனைந்திருந்தார்.

"இருங்க, எங்க போறீக? இதே படத்தைப் பின்னாலருந்து ஓட்டுறேன் பாருங்க!" என்றார் ஞானதுரை. படப்பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய கையாள் கைப்பிடியை மறுபக்கமாகச் சுற்றினான். "பெரிய மனுசருக்குப் புத்தி வந்து புள்ளைகளைக் கூட்டியாரச் சொன்னாரு!"

ஓடிப்போன பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டே திரும்பி வந்தன. தொட்டிக்குள் விழுந்தவர் துளி ஈரமில்லாமல் மேலே எழும்பி வந்தார். நொறுங்கிய சட்டிகள் தாமாக ஒட்டிக்கொண்டன. நாற்காலி நிமிர்ந்தது. கடைசியில் அவர் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்க, இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.

"புள்ளைக வந்ததுல ஒரு சட்டி உடைஞ்சுச்சா? அவரு தூக்கந்தான் கெட்டுச்சா? சொல்லுங்க மகாசனங்களே!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வியாகுலமேரியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யார்? சாமியார் நாற்காலியைத் திருப்பினார்.

"பங்கிராஸ், நான் பக்கத்துல நின்னு கேட்ட சத்தியம் அது. சுருளிப்பட்டிக்கு எப்ப வண்டி போகுது?"

ஊர் முழுக்க அவர் மூஞ்சியைப் பார்த்தது. "நாளைக்கே கட்டுறேன் சாமி" என்றார் பங்கிராஸ். நாளைக்குக் காளைக்கு நொண்டி என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது உள்ளே ஓடிய கணக்கு.

பெண்கள் பக்கத்திலிருந்து செபஸ்தியம்மாள் எழுந்தாள். "வண்டி எதுக்கு சாமி? திருநாப் பாக்கன்னு மத்தியானமே ஆள் விட்டுக் கூட்டியாந்துட்டேன்." அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்த முகத்தோடு, அமிர்தராஜும் மதலேனாளும் வந்து நின்றார்கள். சாமியார் அங்கேயே இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டுப் பங்கிராஸ் கையைப் பிடிக்கச் சொன்னார். கையை உதற முடியுமா? ஊர் பார்க்கிறது.

வீட்டுக்கு வந்து பிள்ளைகள் தயிர்ச் சட்டியை வழித்துத் தின்றுவிட்டுப் படுத்தன. பங்கிராஸ் பொருமினார்.

"ஏன்டி, ஊருக்கு முன்னால என்னய இப்படிச் சிரிப்பாச் சிரிக்க வச்சிட்டியே?"

"ஊர் சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. எந்தங்கச்சி சாவைச் சந்தியில வச்சுத்தான் அவ புள்ளைக்கு ஒரு வாய்ச் சோறு வாங்கணும்னு ஆயிப்போச்சேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. நீங்க நல்ல மனசா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கூத்து எதுக்கு?"

வசமாக மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை என்ன செய்வான்? அடுத்தவனைத் திட்டுவான்.

"அந்தப் படக்காரப் பயலுக்கு அப்படி என்னத்தக் குடுத்த, சொன்ன கதையை மாத்திட்டான்?"

"நான் என்னத்தக் குடுத்தேன்? யாரோ ஒருத்தரு பச்சைத் தாரைத் தலையில கட்டிட்டாகளாம். அடுப்பில்லாத மனுசன். வறுத்துத் தர ஆள் கேட்டிருக்காரு, ஊரே நம்ம வாசலைக் காட்டியிருக்கு. தாரு எதுக்கு வந்துச்சுன்னு கேட்டேன், சொன்னாரு. வறுத்த கூலி என்ன வேணும்னாரு, கதையை மாத்தச் சொன்னேன்."

பங்கிராஸ் காலியான தயிர்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். செபஸ்தியம்மாள் தூங்குகிற பிள்ளைகளுக்குப் போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"தாரு உங்களதுதான். எண்ணெய் மட்டுந்தான் என்னது. நீங்களுந்தான் காலையில ரெண்டு கையி அள்ளித் தின்னீக."