மூன்றாவது டெண்டர் கோரி

பெருமதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே என் இதயம் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே உங்கள் வீட்டாரும், உங்களிடம் வைத்தியத்துக்கு வரும் ஆடுமாடுகளும் சுகம்தானே?

படியேறினால் மூச்சு வாங்குகிறதென்று மூன்று மாதமாக மாத்திரை தின்றும் பலனில்லாமல், போன வாரம் மாடிப்படியின் பாதியில் மயங்கி விழுந்தேன் அல்லவா? படமெடுத்துப் பார்த்ததில், இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சதைச்சுவர் தடித்து, ரத்தம் வெளியே போகும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறதாம். இனி இரண்டே வழி. ஒன்று, நெஞ்சைத் திறந்து, இதயத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, அதிகப்படிச் சதையைச் செதுக்கி எடுப்பது. மற்றொன்று, தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்தச் சதைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாயில் ஆல்கஹாலைச் செலுத்தி, சதையை இருந்த இடத்திலேயே சாகடிப்பது. ஆபீஸ் விருந்தில் சோடாவைக்கூட மோந்து பார்த்துக் குடித்தவனய்யா நான்!

முப்பத்தொரு வருஷம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன் சும்மா விடுவேனா? கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்துக்கொண்டு முதலில் அறுவை டாக்டரிடம் போனேன். "உங்க நுரையீரல் இருக்கிற லட்சணத்துக்கு நெஞ்சைத் திறக்கவே யோசனையா இருக்கு சார். எதிர் ரூம் டாக்டரைப் பாருங்க, குழாய் விடுறதுல அவரை அடிச்சிக்க ஆளே இல்ல" என்றார். எதிர் அறைக்குப் போனால் அந்த மனிதர், "உங்களுக்கு ஆபரேஷன்தான் சரி. அவர் கை மாதிரி யாருக்கு வரும்?" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! மேற்கொண்டு அவர் ஏதோ விளக்க வந்தார், நான் காதில் வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். என் சர்வீஸில் நாற்காலி விற்க வந்தவன்கூட அடுத்தவன் நாற்காலி உட்கார்ந்தால் ஒடியும் என்றுதான் சொல்லியிருக்கிறானே ஒழிய, புகழ்ந்ததில்லை. போட்டிக்காரனை ஒருத்தன் புகழ்ந்தா என்னய்யா அர்த்தம்? வேலை அவ்வளவு மோசம், நீ தலையைக் கொடு, நான் தப்பிச்சிக்கிறேன்னு அர்த்தம்! நான் பிழைக்க மாட்டேன் என்று ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இதைச் சொன்னால் உங்கள் அக்கா, "காலைத் தூக்குங்க, தரை துடைக்கணும்" என்கிறாள்.

நிற்க. விதிப்படி மூன்று டெண்டராவது இல்லாமல் கோப்பு நகராது. ஆகவே மூன்றாவதைத் தாங்கள் தந்து உதவ வேண்டும். மாட்டு டாக்டர் என்று தயங்க வேண்டாம். மாட்டுக்கு வயிறு நாலு என்றாலும் இதயம் ஒன்றுதானே? அதுவரை இரண்டு வைத்தியத்தையும் நிறுத்திவைத்திருக்கிறேன். பயம் என்று நினைத்துவிடாதீர்கள், விதி. இதற்காக வேலையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டு வரவேண்டாம். எழுதி அனுப்பினாலே போதும்.

பிள்ளைகள் நூறு வயது நோயில்லாமல் வாழ என் ஆசிகள். ஆடுமாடுகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
முடிவெடுக்கும் நிலையில் இல்லாத,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: டேய், அக்கா எழுதறேன். இதை அனுப்பக் கிளம்பின மனுஷன் வாசல்லயே மறுபடியும் சுருண்டு விழுந்துட்டாரு. கண் முழிச்சதும் "கவர் எங்க?"ன்னுதான் கேட்டாரு. எனக்கு உசிரே போயிடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, ரெண்டு டாக்டரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சுப் பேச வெச்சேன். இவருக்கு அந்தச் சின்ன ரத்தக்குழாய் தடிச்ச இடத்துக்குப் போகாம வேற பக்கம் போகுதாம், ஆல்கஹால் விட்டா நல்ல சதைதான் சாகுமாம். நுரையீரலையும் திரும்ப சோதிச்சாங்க, தாங்கும்னுட்டாங்க. திங்கக்கிழமை ஆபரேஷன். ரெண்டு பேரும் தங்கமான மனுஷங்கடா. இது எனக்கு வேணாம், அவரு நல்லா செய்வாருன்னு உண்மையைச் சொல்ற ஆளை உங்க அத்தான் ஆபீஸ்ல பார்த்ததே இல்ல, பாவம்.

டெண்டர் கிண்டர் எதுவும் வேணாம். வர வேண்டாம்னு எழுதியிருக்காரே, அதையும் நம்பாதே. கவருக்குள்ள ஒரு துண்டுச் சீட்டு இருக்கும் பாரு, அவரே வெச்சது. உங்க ஊர்ல இருந்து இங்க வர்ற மூணு பஸ்ஸையும் ஒப்பிட்டுப் பட்டியல் போட்டு, முதல்ல வந்து சேர்ற பஸ்ஸுக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்காரு.